ஹைட்ரஜன் யார் வீட்டுப் பிள்ளை?

118 பேர் வசிக்கும் ஊர் அது. அந்த ஊரில் 18 தெருக்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. கதவில் எண் உண்டு. ஒரே தெருவில் இருப்பவர்கள் சொந்தக்காரர்கள். குணத்தில் ஒருவரை ஒருவர் ஒத்து இருப்பார்கள்.

ஆனால், 1-ம் எண் கொண்டவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்பதில் மட்டும் ஓயாத தகராறு!

150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் தகராறு தீரவில்லை.

அந்த ஊரின் பெயர், தனிம வரிசை அட்டவணை. பள்ளிக்கூடச் சுவரில் கட்டம் கட்டமாகத் தொங்குமே, அதுதான். உலகில் உள்ள எல்லாப் பொருள்களும் எந்தெந்த மூலப்பொருளால் ஆனவையோ, அந்த மூலப்பொருள்களை வரிசைப்படுத்தி எழுதிய பட்டியல் அது. தகராறில் சிக்கி இருப்பவன், ஹைட்ரஜன்.

"இது படித்தவர்களின் சண்டை. நமக்கு என்ன வந்தது?" என்று கேட்கத் தோன்றும்.

வேலூர் வட்டாரத்தில் அப்படிக் கேட்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். அங்கே உள்ள தொட்டிகளில் ஹைட்ரஜன் யார் பக்கம் சேருகிறது என்பதைப் பொறுத்துத்தான் தோல் பதமாகிறது. தொட்டிக்குள் இறங்கியவர் உயிரோடு திரும்பி வருவதும் சில வேளைகளில் அதைப் பொறுத்தே இருக்கிறது.

உப்புக்குள் இரண்டு குடும்பம்

வேலூரில் இருந்து பெங்களூரு செல்லும் சாலையில் சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளது, ஆம்பூர். பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர். காலணிக்கும் பெயர் பெற்ற ஊர். முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-ம் ஆண்டு அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று.

தோல் ஆலைக்கு லாரியில் வந்து இறங்கும் தோலைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, உப்பு. ஆட்டை உரித்த சில மணி நேரத்தில் தோல் அழுகத் தொடங்கிவிடும். அதனால் உப்பைத் தடவி மடித்து அனுப்புகிறார்கள். 100 கிலோ தோலுக்கு 40 கிலோ வரைகூட உப்பு போடுவது உண்டு. வீட்டில் கருவாடு போடுவதும் ஊறுகாய் போடுவதும் இதே முறைதான்.

அந்த உப்புக்குள்தான் ஹைட்ரஜனின் தகராறு ஒளிந்து கொண்டு இருக்கிறது!

உப்பு என்பது சோடியம், குளோரின் என்ற இரண்டு தனிமங்கள் சேர்ந்தது. சோடியம் ஓர் உலோகம். கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மென்மை. தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும். தீப்பற்றும். குளோரின், பச்சை கலந்த மஞ்சள் நிற விஷ வாயு. முதல் உலகப் போரில், 1915-ம் ஆண்டு, போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்ட நச்சு வாயு அதுதான்.

ஒன்று தீப்பிடிக்கும். மற்றது மூச்சை அடைக்கும். இரண்டும் சேர்ந்தால், சாதத்தில் போட்டுச் சாப்பிடுகிறோம்! இது எப்படி?

கொடுக்கல் வாங்கல்தான் காரணம். அணு ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு கரு இருக்கிறது. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. சோடியத்திடம் வெளிப்புறத்தில் ஒரே ஓர் எலெக்ட்ரான் உபரியாக இருக்கிறது. அதை யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று அது தவிக்கிறது. குளோரினுக்கோ ஓர் எலெக்ட்ரான் குறைகிறது. எவரிடமாவது பிடுங்கப் பார்க்கிறது. இரண்டும் சந்தித்தன. ஒன்று கொடுத்தது, மற்றது வாங்கிக் கொண்டது. இருவருக்கும் நிம்மதி. அதன் பிறகு இரண்டும் எளிதில் மாறுவதில்லை.

சோடியம் குடியிருப்பது அட்டவணையின் இடது ஓரத்தில், 1-வது தெருவில். லித்தியம், பொட்டாசியம் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். எல்லோருக்கும் கொடுக்கும் குணம்.

குளோரின் குடியிருப்பது வலது பக்கம், 17-வது தெருவில். புளோரின், புரோமின், அயோடின் அந்தத் தெருக்காரர்கள். எல்லோருக்கும் வாங்கும் குணம்.

ஹைட்ரஜனோ கொடுக்கவும் செய்கிறது. வாங்கவும் செய்கிறது!

குளோரினைக் கண்டால், தன்னிடம் உள்ள ஒரே எலெக்ட்ரானை அதன் பக்கம் சாயவிட்டு ஒட்டிக் கொள்கிறது. அப்போது பிறப்பது ஹைட்ரோ குளோரிக் அமிலம். இதில் அது சோடியத்தின் தம்பி போல நடந்து கொள்கிறது. ஆனால், அதே சோடியத்தை நேரில் கண்டால் கதை மாறுகிறது. சோடியத்திடம் இருந்து எலெக்ட்ரானை வாங்கிக் கொள்கிறது. சோடியம் ஹைட்ரைடு என்ற பொருள் உண்டாகிறது. ஆராய்ச்சிக் கூடங்களில் பயன்படும் தூள் அது. இதில் குளோரினுக்குத் தம்பி!

மெண்டலீவ் என்ன செய்தார்?

ஹைட்ரஜனைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்து, 1766-ம் ஆண்டு உலகுக்கு அறிவித்தவர் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேயர். "எரியும் காற்று" என்று அவர் கூறினார். எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது என்பது பிறகு தெரிய வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே, "நீரைப் பிறப்பிப்பது" என்ற பொருளில் ஹைட்ரஜன் என்று பெயர் வைத்தார். நம் ஊர்ப் பழைய பாடப் புத்தகங்களில் இதற்கு நீரக வாயு என்று பெயர்.

1869-ம் ஆண்டு ரஷியாவில் மெண்டலீவ் என்ற பேராசிரியர், அப்போது தெரிந்த 63 தனிமங்களையும் எடை வரிசையில் அடுக்கிப் பார்த்தார். ஒரே குணம் உள்ளவை மீண்டும் மீண்டும் வந்தன. அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். இடையில் ஆள் இல்லாத இடங்களைக் காலியாக விட்டார். "இங்கே வர வேண்டியவர் இனிமேல்தான் கண்டுபிடிக்கப்படுவார்" என்று துணிந்து சொன்னார். காணாமற்போன அந்தத் தனிமங்களுக்கு அவர் தற்காலிகமாக வைத்த பெயர்களில், "ஏக" என்ற சமஸ்கிருதச் சொல் இருக்கிறது. ஏக அலுமினியம் என்றார். 1875-ம் ஆண்டு அது அகப்பட்டது. காலியம் என்று பெயர் பெற்றது.

இல்லாத தனிமங்களுக்கே இடம் ஒதுக்கிய மெண்டலீவ், கையில் இருந்த ஹைட்ரஜனுக்கு இடம் காண்பதில் தடுமாறினார்! 1871-ம் ஆண்டு அட்டவணையில் அதை முதல் தொகுதிக்கு மேலே, பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியே நிறுத்தினார்.

அது சரிதானா?

சரி என்பவர்களுக்கு ஒரு சான்று இருக்கிறது. ஹைட்ரஜனிடம் வெளிப்புறத்தில் ஓர் எலெக்ட்ரான். சோடியத்திடமும் ஒன்றுதான். கணக்கு ஒத்துப் போகிறது.

தவறு என்பவர்கள் கேட்கும் கேள்வியும் கூர்மையானது. அந்தத் தெருவில் மற்ற எல்லோரும் பளபளக்கும் உலோகங்கள். ஹைட்ரஜன் மட்டும் வாயு. அதைத் திரவமாக்கவே பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனைக்கு அப்படிப்பட்ட திரவ ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்துகிறார்கள். உலோகக் குடும்பத்தில் வாயு வந்து பிறக்குமா?

(பிறக்கும் என்றும் ஒரு கட்சி உண்டு. வியாழன் கிரகத்தின் உள்ளே இருக்கும் பயங்கர அழுத்தத்தில் ஹைட்ரஜன் உலோகம் போலவே மின்சாரத்தைக் கடத்துகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஆனால், பூமியில் உள்ளவர்கள் வியாழனுக்குப் போய் அதைத் தொட்டுப் பார்க்க முடியாது!)

உண்மைக் காரணம், ஹைட்ரஜன் வீட்டின் அளவு. மற்ற அணுக்களின் வெளிக்கூட்டில் 8 எலெக்ட்ரான்களுக்கு இடம் வேண்டும் என்றால், ஹைட்ரஜன் வீட்டில் இரண்டே நாற்காலி. ஒன்றில் ஆள் இருக்கிறது. ஒன்று காலி. இருப்பவரை அனுப்பினால் வீடு காலி. இன்னொருவர் வந்தால் வீடு நிறைந்துவிடும். எந்தப் பக்கம் போவதற்கும் ஒரே அடிதான்! பாதி நிறைந்த வீடு என்பதால், "கார்பன் தெருவில் வையுங்கள்" என்று மூன்றாவது கட்சியும் கிளம்பி இருக்கிறது. கார்பனுக்கு நான்கு நாற்காலி நிறைவு, நான்கு காலி. அதுவும் பாதிதான்.

தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான சர்வதேச சங்கம் ஒரு நடுவழி கண்டது. அந்தச் சங்கம் வெளியிடும் அட்டவணையில் ஹைட்ரஜன் 1-வது தெருவில், லித்தியத்துக்கு மேலே இருக்கிறது. ஆனால், அந்தத் தெருக் குடும்பத்தின் பெயரான "கார உலோகங்கள்" என்ற பட்டியலில் ஹைட்ரஜனை அது சேர்க்கவில்லை. வீட்டில் இடம் உண்டு, ரேஷன் கார்டில் பெயர் இல்லை!

வேறு சில அட்டவணைகளில் இரண்டு தெருவிலும் அச்சிடுகிறார்கள். இன்னும் சிலவற்றில் எதிலும் சேராமல் உச்சியில் தனியே மிதக்கிறது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தையும் கடையில் விற்கும் சுவர்ப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சில வேளை வித்தியாசம் தெரியும்.

ஆரத்தித் தட்டில் ஒரு சோதனை

இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். அதற்கு ஆராய்ச்சிக் கூடம் வேண்டாம். சமையல் அறை போதும்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்குங்கள். அதில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைச் சிறிது கரையுங்கள். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்த மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தி அதுதான். இப்போது அதே தட்டில் எலுமிச்சம் பழத்தைப் பிழியுங்கள். மீண்டும் மஞ்சள்!

நடந்தது என்ன? மஞ்சளின் நிறப் பொருளிடம் ஹைட்ரஜன் இருந்தது. சுண்ணாம்பு அதைப் பறித்துக் கொண்டது. நிறம் மாறியது. எலுமிச்சை ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்தது. பழைய நிறம் வந்துவிட்டது. ஹைட்ரஜனைத் தாராளமாகக் கொடுப்பது அமிலம். அதைப் பறிப்பது காரம்.

தண்ணீரில் இப்படி அலைந்து திரியும் ஹைட்ரஜன் எவ்வளவு என்று சொல்லும் கணக்குக்குப் பி.எச். என்று பெயர். அதில் உள்ள எச், ஹைட்ரஜனைத்தான் குறிக்கிறது. 1909-ம் ஆண்டு, டென்மார்க் நாட்டில் பீர் காய்ச்சும் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சோரன்சன் என்பவர் கண்டுபிடித்த கணக்கு அது. எண் ஒன்று குறைந்தால், ஹைட்ரஜன் 10 மடங்கு பெருகியது என்று அர்த்தம்.

தோல் ஆலையில், முதலில் தோல் ஊறும் சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். 12-க்கு மேல் இருக்கும். முடி கழலுவதும் தோல் விரிந்து கொடுப்பதும் அங்கேதான். பிறகு சுண்ணாம்பைக் கழுவி எடுக்கிறார்கள். முழுவதும் போய்விட்டதா என்று அறிய, தோலின் ஓரத்தை வெட்டி, பினாப்தலின் என்ற மருந்தை ஒரு சொட்டு விடுவார்கள். வெட்டுவாய் இளஞ்சிவப்பானால், சுண்ணாம்பு உள்ளே மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஆரத்தித் தட்டுச் சோதனையேதான்!

அடுத்து அமிலமும் உப்பும் கலந்த கரைசல். ஆலையில் இதற்கு "பிக்கிள்" என்று பெயர். ஆங்கிலத்தில் ஊறுகாய்க்கும் அதே சொல்தான். அமிலத்தை மட்டும் விட்டால் தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் போகும். அதைத் தடுக்கவே உப்பு. இங்கே பி.எச். ஏறக்குறைய 3.

12-ல் இருந்து 3. ஒன்பது படி. அலையும் ஹைட்ரஜன் 100 கோடி மடங்கு பெருகி இருக்கிறது! மரத்தால் ஆன பெரிய டிரம் கடகடவென்று சுழலுகிறது. வெளியே நிற்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை.

துண்டு போட்டு இடம் பிடித்தல்

எதற்காக இந்த அமிலக் குளியல்?

முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்த பிறகு அதே வேலை விரைவில் முடிந்தது. இந்தக் குரோம் முறைக்குப் பெயர் சொல்ல, சென்னையில் ஓர் ஊரே இருக்கிறது. குரோம் தோல் தொழிற்சாலை இருந்த இடம், குரோம்பேட்டை! ஒரு தனிமத்தின் பெயரைச் சொல்லி மின்சார ரெயிலுக்கு டிக்கெட் வாங்குவது எத்தனை ஊரில் நடக்கும்?

தோல் என்பது நார் நாராகப் பின்னிய புரதம். அந்த நார்களில் கைகள் போன்ற பகுதிகள் நீட்டிக் கொண்டு இருக்கின்றன. குரோமியம் அந்தக் கைகளைப் பற்றிக் கொண்டால் நார்கள் ஒன்றோடு ஒன்று கட்டுப்பட்டுவிடும். பிறகு தோல் அழுகாது. வெந்நீருக்கும் சுருங்காது.

ஆனால், ஒரு சிக்கல். குரோமியத்தை அப்படியே விட்டால், தோலின் மேற்பரப்பில் உள்ள கைகளையே முதலில் பிடித்துக் கொண்டுவிடும். உள்ளே போகாது. மேலே வெந்து உள்ளே வேகாத தோசை மாதிரி ஆகிவிடும்.

இங்கேதான் ஹைட்ரஜன் உதவிக்கு வருகிறது.

திருவிழாக் காலத்தில் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே வேலை! அமிலக் குளியலில் அலையும் ஹைட்ரஜன், தோலின் ஒவ்வொரு கையிலும் போய் உட்கார்ந்து கொள்கிறது. குரோமியத்துக்குப் பிடிக்கக் கை இல்லை. அதனால் அது எங்கும் நிற்காமல் தோலின் நடுப்பகுதி வரை ஊடுருவிச் செல்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு, சமையல் சோடா போன்ற காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். காரம் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. துண்டு எடுக்கப்படுகிறது. காலியான இடத்தில் குரோமியம் அமர்ந்துவிடுகிறது.

டிரம்மில் இருந்து எடுக்கும்போது தோல் ஈரமாக, நீல நிறத்தில் இருக்கும். அதை "வெட் புளூ" என்கிறார்கள். காலில் போடும் செருப்பில் ஹைட்ரஜன் இடம் பிடித்துக் கொடுத்த கதை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்!

குரோமியத்துக்கும் இரண்டு முகம் உண்டு. தோல் பதனிடுவது மூன்று எலெக்ட்ரான் இழந்த குரோமியம். ஆறு எலெக்ட்ரான் இழந்த குரோமியம் கொடியது, புற்று நோய் உண்டாக்கக் கூடியது. ராணிப்பேட்டையில் 1995-ம் ஆண்டு மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவு மலையில் இருப்பது இந்த இரண்டாவது முகம்தான். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு. ஆனாலும் அட்டவணையில் குரோமியம் 6-வது தெரு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முகம் இரண்டானால் மட்டும் வீட்டுத் தகராறு வந்துவிடாது. ஹைட்ரஜனின் சங்கடம் அதற்கே உரியது.

பாலாற்றில் கரைந்த உப்பு

தோலோடு வந்த உப்பு என்ன ஆயிற்று?

முதல் நாள் கழுவும் தண்ணீரிலேயே அது கரைந்து வெளியேறிவிடுகிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, தமிழ்நாட்டில் கடலில் சேரும் பாலாற்றின் கரையில்தான் இந்த ஆலைகள் எழுந்தன. பல ஆண்டுகள் அந்தத் தண்ணீர் ஆற்றிலும் நிலத்திலும் போயிற்று.

சோடியமும் குளோரினும் கொடுக்கல் வாங்கல் முடித்து நிம்மதி அடைந்தவை என்பது நினைவு இருக்கட்டும். அந்த நிம்மதிதான் விவசாயிக்கு வினையாயிற்று. மற்ற கழிவைக் கிருமிகள் தின்று தீர்க்கும். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. வெயில் காய்ந்தால் தண்ணீர் மட்டும் போகும். உப்பு அப்படியே தங்கும். கிணறு கரித்தது. தென்னை காய்ந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தோல் ஆலைப் பகுதியில் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் சாகுபடிக்கு ஓரளவோ முழுவதுமாகவோ பயன்படாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பில் கூறப்பட்டு இருக்கிறது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியாவில் நிலைநாட்டிய தீர்ப்புகளில் இது முக்கியமானது. ஒவ்வோர் ஆலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. 10 ஆயிரம் ரூபாயில் ஒரு கிணறு இனிக்குமா என்பது வேறு கேள்வி.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில், உப்பைப் பிரித்து எடுக்கும் எந்திரங்கள் வைக்கப்பட்டன. தண்ணீர் திரும்பவும் ஆலைக்குப் போகிறது. பிரித்த உப்பு குவியலாகத் தேங்குகிறது. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பாலாறு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், மாசு தடுப்பைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் சொன்னது.

அழுகிய முட்டை நாற்றம்

உப்பு பல ஆண்டுகளில் செய்யும் தீங்கை, ஹைட்ரஜன் தவறான இடத்தில் சேர்ந்தால் ஒரு நிமிடத்தில் செய்துவிடும்.

முடியை நீக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு என்ற பொருளையும் சேர்க்கிறார்கள். அதில் கந்தகம் இருக்கிறது. இந்தக் கந்தகம் ஹைட்ரஜனுக்காக ஏங்கிக் கிடக்கிறது. ஆனால், சுண்ணாம்புக் கரைசலில் அதற்குப் போதிய ஹைட்ரஜன் கிடைப்பதில்லை. அலைகிற ஹைட்ரஜனைச் சுண்ணாம்பே பறித்துத் தண்ணீராக்கிவிடுகிறது. எனவே, சுண்ணாம்பு இருக்கும் வரை கந்தகம் கரைசலிலேயே அடங்கி இருக்கும்.

இந்தச் சல்பைடு தண்ணீரும், பிக்கிள் அல்லது குரோம் தொட்டியின் அமிலத் தண்ணீரும் ஒரே கால்வாயில், ஒரே தொட்டியில் கலந்தால்?

அலையும் ஹைட்ரஜன் கூட்டமாக ஓடிவருகிறது. ஒரு கந்தகத்தை இரண்டு ஹைட்ரஜன் பற்றிக் கொள்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு வாயு குமிழி குமிழியாகக் கிளம்புகிறது!

பி.எச். 9-ல் 100-ல் ஒரு பங்கு சல்பைடுதான் வாயு வடிவத்தில் இருக்கும். 7-க்கு வந்தால் ஏறக்குறைய பாதி. அதற்கும் கீழே போனால் பெரும்பகுதி.

அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். சாக்கடை ஓரத்து வீடுகளில் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போவதற்கும் இந்த வாயு காரணமாக இருக்கலாம். கொஞ்சம் இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் பயம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 10 லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு இது கலந்தால், மோப்ப நரம்பு மரத்துப் போகிறது. நாற்றம் திடீரென்று நின்றுவிடும்! "வாயு போய்விட்டது" என்று நினைத்து உள்ளே இறங்குவார்கள். உண்மையில் வாயு கூடி இருக்கும். 1,000 பங்கு ஆகிவிட்டால், ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுந்துவிடுவார்.

இது காற்றைவிடக் கனமானது. ஆகையால் தொட்டியின் அடியில் தங்குகிறது. மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே இறங்கியவர் விழுகிறார். "ஐயோ!" என்று பதறி அடுத்தவர் இறங்குகிறார். அவரும் விழுகிறார். அண்ணனைக் காப்பாற்றத் தம்பி, தம்பியைக் காப்பாற்ற நண்பன். இந்த வட்டாரத் தோல் ஆலைத் தொட்டிகளில் இப்படி நச்சு வாயு தாக்கித் தொழிலாளர்கள் இறந்த செய்திகள் பத்திரிகைகளில் பல முறை வந்து இருக்கின்றன.

கலக்கவே இல்லை என்றாலும் தொட்டியின் அடியில் தேங்கிய சேற்றை நம்ப முடியாது. குரோம் உப்பில் இருந்தும் அமிலத்தில் இருந்தும் வரும் சல்பேட்டைக் காற்றுப் படாத சேற்றில் உள்ள கிருமிகள் இதே வாயுவாக மாற்றுகின்றன. சேற்றைக் கிளறியதும் அது மொத்தமாக வெளிவரும். அந்தச் சேற்றுக்கு வேறு பலமும் உண்டு. 2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி அதிகாலை, ராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கி வைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக் கொண்டு இருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்து, 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்கள்.

அட்டவணையில் ஹைட்ரஜனுக்கு இடம் முடிவாகாமல் இருக்கலாம். ஆனால், தொட்டிக்குள் அது யாரிடம் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். காரம் இருந்தால் தண்ணீருக்கு. காரம் தீர்ந்து அமிலம் வந்தால் கந்தகத்துக்கு.

அதனால்தான் சல்பைடு தண்ணீருக்கு ஒரு கால்வாய், அமிலத் தண்ணீருக்கு வேறு கால்வாய் என்று பிரிக்கச் சொல்கிறார்கள். சல்பைடு தண்ணீரில் மாங்கனீசு சல்பேட்டைச் சிறிது போட்டு, காற்றை ஊதினால், கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து அடங்கிவிடுகிறது. பிறகு ஹைட்ரஜன் வந்தாலும் அதற்கு அங்கே வேலை இல்லை. 1948-ம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நொதிகளைக் கொண்டு முடியை நீக்கி, சல்பைடைக் குறைக்கும் முறைகளையும் கண்டு இருக்கிறது.

அதே 1948-ம் ஆண்டில் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு, நச்சு வாயு இருக்கக் கூடிய தொட்டிக்குள் சோதனை செய்யாமல் ஆளை இறக்கக் கூடாது என்று அப்போதே எழுதி வைத்தது. மூடியைத் திறந்து காற்றை ஊதி வெளியேற்ற வேண்டும். மூக்கை நம்பாமல், வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி அடி வரை இறக்கிப் பார்க்க வேண்டும். முகத்தில் கட்டும் துணி இந்த வாயுவுக்குத் தடை ஆகாது. நனைத்த துண்டும் ஆகாது. முதுகில் காற்று உருளை, முகத்தில் முழு மூடி, இதுதான் வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், காற்று உருளை இல்லாமல் அடுத்தவர் இறங்கக் கூடாது. மேலே இருந்தபடியே கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தக் கயிறு, அவர் இறங்கும் முன்பே அவருடைய உடம்பில் கட்டப்பட்டு இருக்க வேண்டும்.